வியாழக்கிழமைப் பல்வலி

என் பற்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. இருந்தும் அந்த வருஷம் வியாழக்கிழமைதோறும் பல் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தேன். அடுமனையில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். முதலாளி ஜிவோயின் இரக்கப்பட்டு, வியாழன் காலைகளில் எனக்கென்று மெத்தென்ற ரொட்டியாகப் பார்த்து எடுத்து வைப்பார். நானும் ஒரு பக்கமாகவே மென்று காட்டுவேன். மோமிரோடு எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு நடிக்கத் தெரியாதா.

உண்மையில் நான் போனது பெண்களுக்கான ஆலோசனை மையத்துக்கு. ரயில் நிலையத்துக்குப் பின்னால், அடுக்குமாடிக் கட்டடத்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீடு. மோமிரை விவாகரத்து செய்து நாளாகியும் அடுப்பறையில் ஒரு தட்டு விழுந்தால் போதும், நான் கல்லாவுக்கு அடியில் குந்தி உட்கார்ந்துவிடுவேன். வாடிக்கையாளர் இறைச்சி அடைத்துச் சுட்ட புரெக் ரொட்டி கேட்டுக்கொண்டிருப்பார். எதிரே ஆள் இருக்காது. சில்லறை தேடினேன் என்று சொல்லிக்கொண்டே எழுவேன். அவ்வளவு சில்லறை எந்த அடுமனையிலும் கீழே விழாது.

இப்படியே போனால் முதலாளி என்னைப் பின்கட்டுக்கு, மாவு பிசைய அனுப்பிவிடுவார். கல்லாவில் நிற்க வேண்டுமென்றால் மையத்துக்குப் போக வேண்டும். மையத்துக்குப் போவது தெரிந்தாலோ கல்லா போய்விடும். எங்கள் ஊரில் புருஷன் அடித்தால் பாவம் என்பார்கள். அதற்கு ஆலோசனை கேட்கப் போனால் பைத்தியம் என்பார்கள். பாவத்தின் கையால் ரொட்டி வாங்குவார்கள், பைத்தியத்தின் கையால் வாங்க மாட்டார்கள்.

ஆகவே ஒற்றனைப் போலப் போனேன். முக்காடு, கறுப்புக் கண்ணாடி, சந்தையைச் சுற்றிய நீண்ட வழி. மாடியேறி, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செய்வதுபோல என் பச்சை ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவேன். கம்பளம் விரித்த அறைக்குள் ஷூவோடு போக நான் என்ன வளர்ப்பு சரியில்லாதவளா. உள்ளே விருந்தாளிகளுக்கென்று செருப்பு வைத்திருந்தார்கள். இளஞ்சிவப்பு, நுனியில் பஞ்சுருண்டை.

ஊரிலேயே பச்சை ஷூ போட்டவள் நான் ஒருத்திதான் என்பது அந்த ஒற்றனுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வியாழன் வெளியே வரக் கதவைத் திறந்தால் ஷூவைக் காணோம். எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. ஜாகோர்கா அக்கா. அடுமனைக்குத் தினமும் வருபவள்.

"நான்தான் எடுத்து உள்ள வெச்சேன் நெவென்கா. யார் கண்ணுலயாவது பட்டா என்ன ஆகும்?"

"குடுங்கக்கா, வேலைக்கு நேரமாச்சு."

"பயப்படாத. மிலுங்கா ஒருத்திகிட்டதான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதடின்னுதான் சொன்னேன்."

மிலுங்காவிடம் சொல்வதும் தேவாலய மணியை அடிப்பதும் ஒன்று.

"பைத்தியக்காரங்க வர்ற எடம்டி இது. மோமிர் கல்யாண வீட்டுல என்னமா பாடுவான். கோவத்துல ரெண்டு அடி அடிச்சிருப்பான். இங்கெல்லாம் வந்தா நாளைக்கு உன்ன எவன் கட்டிக்குவான்?"

"ஒருத்தன் கட்டினதே போதும்கா. ஷூ."

"இனிமே இங்க வரமாட்டேன்னு சொல்லு. தரேன். உள்ள வா, காப்பி போடறேன்."

நல்ல மனசுதான் அவளுக்கு. என் மானத்தைக் காப்பாற்ற என் ஷூவைச் சிறை வைத்திருந்தாள். வரமாட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய்யில் எனக்கு நல்ல பழக்கம். ஏனோ வாயில் வரவில்லை. பஞ்சுருண்டைச் செருப்போடு படியிறங்கினேன். சுற்றுவழியில் அந்தச் செருப்பு தாங்காது என்பதால் சந்தைக்கு நடுவிலேயே நடந்தேன். முக்காடும் கறுப்புக் கண்ணாடியும் அப்படியே இருந்தன. மிளகாய் விற்பவன் எழுந்து நின்று பார்த்தான்.

அடுமனையில் வரிசை வாசல்வரை நின்றது. முதலாளி என் காலைப் பார்த்தார்.

"பல் டாக்டர் குடுத்தாரா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் என்னை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மிலுங்கா போன் பண்ணினாம்மா. கொஞ்ச நாள் பின்னாடி நில்லு. ஜனங்க பயப்படுவாங்க."

"பல்லுக்கு ஒண்ணுமில்ல முதலாளி. மோமிர் அடிச்சதுக்குத்தான் வைத்தியம் பாத்துக்கறேன். அடுத்த வியாழனும் போவேன். கல்லாவிலதான் நிப்பேன்."

நானும் தாழ்ந்த குரலில்தான் சொல்ல நினைத்தேன். கடை முழுக்கக் கேட்டது.

இரண்டு பெண்கள் வெளியேறினார்கள். மற்றவர்கள் என் செருப்பையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முன்னால் நின்ற கிழவர், "யாராவது நில்லுங்கம்மா, ஆறிடப்போகுது. இறைச்சி ரெண்டு" என்றார்.

நான் கல்லாவுக்குப் போய் வெட்டிக் கொடுத்தேன். என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். அடுத்தவளும் வாங்கினாள். என் துணிச்சலுக்குக் கிடைத்த மரியாதை என்று எழுத ஆசைதான். ஆனால் புரெக் அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்திருந்தது. எதிர்க்கடையில் இருந்ததோ காலையில் சுட்டது.

முதலாளி வரிசையைப் பார்த்தார். பிறகு மாவு பிசைய அவரே பின்கட்டுக்குப் போனார்.