விமானத்துக்கும் திருஷ்டி சுற்றியவர்

கொட்டாம்பட்டி அருகே, நடவுக்குச் சேறாக்கி வைத்திருந்த வயலில் அந்தச் சின்னப் பயிற்சி விமானம் இறக்கை முறிந்து கிடந்தது. தாழ்வாகத் திரும்பும்போது வேகம் குறைந்து, கட்டுப்பாட்டை மீறி விழுந்துவிட்டதாம். தகவல் கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, ஓட்டிய என் மகள் சிறு கீறல்களோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அவளை வெளியே இழுத்த வயல்காரர், தலையில் துண்டு கட்டிய கறுத்த மனிதர், அடிக்கடி வானத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். வீட்டிலிருந்து உப்பும் மிளகாயும் வரவழைத்து மகளுக்குச் சுற்றினார். பிறகு விமானத்தையும் சுற்றி வந்தார்.

"அதுக்கு எதுக்குண்ணே?" என்றேன்.

"அதுவும் பயந்துதானே கெடக்கு! நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தேன். எனக்கும் சுற்றினார். அப்போதுதான் மகள் சிரித்தாள்.

"இங்க பெட்ரோல் வாடை அடிக்குது. வீட்டு அடுப்புல போட்டுக்கிறேன்" என்று கையை இறுக மூடியபடி வரப்பில் நடந்தார்.

அடுப்பில் மிளகாய் நெடி வந்ததா என்று கேட்காமலே திரும்பிவிட்டோம். இப்போதும் மகள் பறக்கப் போகும் நாட்களில், அந்த மூடிய கையை நினைத்துக்கொண்டுதான் வாசலில் நிற்கிறேன்.