மருந்துக் கடையில் விடைபெறுதல்

மலைக்கோட்டைக்குக் கீழே, நகைக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாட்டு மருந்துக் கடை. காலையில் தின்ற பூரி வயிற்றில் கல்லாகக் கிடக்கிறது. உச்சி வெயிலிலும் கடைக்குள் இருட்டு. டப்பாக்களின் பெயரைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. கழற்றி மேசைமேல் வைக்கிறேன். திரைக்குப் பின்னால் யாரோ உரலில் இடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கடைக்கார அம்மாள் சுக்கும் ஓமமும் இந்துப்பும் சேர்ந்த பொடியை வெந்நீரில் கலக்கித் தருகிறார். குடித்ததும் நீளமாக ஓர் ஏப்பம். வலி இறங்குகிறது. மீதிப் பொடியைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்கிறேன்.

உரல் சத்தம் நின்றுவிடுகிறது.

"மருந்து வாங்குற இடத்துல அப்படிச் சொல்லக்கூடாதுங்க. பேசாம போயிடணும்."

"சொன்னா என்னங்க?" எனக்குச் சிரிப்பு வருகிறது. கடைக்கார அம்மாள் சிரிக்கவில்லை.

"உங்களை மாதிரியே வயித்துவலின்னு ஒருத்தர் வந்தாரு. இப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு. இன்னமும் மத்தியானமானா வர்றாரு. அவருக்குத்தான் உள்ள என் தங்கச்சி இடிச்சுக்கிட்டு இருக்கா."

"இன்னுமா தீரல? டாக்டர்கிட்ட காட்டச் சொல்றதுதானே?"

"அவரு செத்து, காரியமே முடிஞ்சு போச்சுங்க. நானும் போய்ச் சாப்பிட்டு வந்தேன்."

ஒன்றும் பேசாமல் வெளியே வருகிறேன். ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது வயிறு லேசாக இருக்கிறது. பயந்ததை நினைத்தால் வெட்கமாகக்கூட இருக்கிறது. போனில் வந்த செய்தியைப் படிக்கக் கண்ணாடிக்காகச் சட்டைப்பையைத் தடவுகிறேன்.

அது அந்த மேசைமேல் இருக்கிறது. நாளை மத்தியானம்தான் போய் எடுக்க முடியும்.