இஞ்சினியரின் அப்பா

எங்கள் முருகன் கோயில் அன்னதானத்தில் சோற்றுக் கிடாரம் கழுவும் பெரியவர், ஊரில் இஞ்சினியராக இருந்தவர். அந்தப் படிப்பு இங்கே சுவிஸில் செல்லுபடியாகவில்லை. மெலிந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். பாத்திரம் கழுவும் மெஷினைப் போடுமுன், காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

என் மகளுக்கு ஒரு தொழிற்சாலையில் மெஷின் வேலை பழகும் ‘லேரை’ என்ற தொழிற்பயிற்சி இடம் கிடைத்திருந்தது. என் கையெழுத்துத்தான் பாக்கி. எண்ணெய்க் கையோடு நிற்கவா பிள்ளையைப் பெற்றேன் என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிய அவளை அவரிடம் கூட்டிப் போனேன்.

“அண்ணை, இஞ்சினியராக வேணுமெண்டால் யூனிவர்சிட்டிக்குப் போற ஜிம்னாசியப் பள்ளிக்கூடம்தான் எண்டு இவளுக்குச் சொல்லுங்கோ.”

அவர் மகளைப் பார்த்தார். “உனக்கென்ன விருப்பம், பிள்ளை?”

“மெஷின் கழட்டிப் பூட்ட விருப்பம்.”

“அப்ப லேரைக்குப் போ. அதாலை போயும் படிச்சு இஞ்சினியராகலாம்.” பிறகு என்னிடம் திரும்பினார். “தம்பி, பிள்ளை இஞ்சினியராகிறது வேணுமோ, நீர் இஞ்சினியரின்ர அப்பாவாகிறது வேணுமோ?”

எனக்குச் சுர்ரென்றது. “கிடாரம் கழுவுற ஆளிட்டைக் கேட்டது என்ர பிழை” என்றேன்.

அவர் ஈரக் கையை மெஷினில் வைத்தார்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போனது. மகள் ஜிம்னாசிய நுழைவுச் சோதனையில் இரண்டு தரம் தவறினாள். இப்போது ஒரு கடையில் நிற்கிறாள். என்னோடு அளவாகத்தான் கதைப்பாள்.

முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்தப் பெரியவரிடம் கேட்க வாய் வரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் என்னைக் கண்டால், “பிள்ளை என்ன செய்யிறா, தம்பி?” என்கிறார். குத்திக் கேட்கிறாரா, அக்கறையில் கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.