பாசிப்பருப்புச் சங்குசக்கரம்

என் மாமனார் அரைத்த பொருள் எதையும் நம்பமாட்டார். விருதுநகரில் மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு என்று தரகு பார்த்தே தலை நரைத்தவர். மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழுந்த நாலு வத்தலை முகர்ந்து, ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்தாரென்றால் அது எந்தப் பக்கத்துச் சரக்கு, இந்த வருடத்து வெள்ளாமையா, போன வருடத்துப் பழசா என்று சொல்லிவிடுவார். விற்கிறவன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாலும் காதில் வாங்கமாட்டார். "முளுசா இருக்கிற வரைக்கும்தான் சரக்கு. அரைச்சிட்டா அரைச்சவனுக்கும் அல்லாவுக்கும்தான் வெளிச்சம்" என்பார்.

கல்யாணமான புதிதில் இது தெரியாமல் நான் மிளகாய்த்தூள் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். செத்த எலியைத் தூக்குகிற மாதிரி அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்துவிட்டு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குக் கோபம் வந்தால் நான் பேசமாட்டேன், பாத்திரம்தான் பேசும். அன்றைக்கு வீட்டிலிருந்த அத்தனை பாத்திரமும் பேசின.

அப்பேர்ப்பட்ட மனுசருக்குத்தான் பக்கவாதம் வந்தது. கைகாலில் மெல்ல மெல்ல அசைவு திரும்பிவிட்டது, பேச்சும் குழறலோடு வந்துவிட்டது. தொண்டை மட்டும் பழையபடி வரவில்லை. தண்ணீராக எதைக் கொடுத்தாலும் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும், கடித்துத் தின்கிறதும் ஆகாது, எல்லாவற்றையும் கெட்டியாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பத்தியம் சொல்லியிருந்தால் பரவாயில்லை. இது பழிவாங்குகிற மாதிரி இருந்தது.

என் மாமியார் தன் கையாலேயே அரைத்தார். கறி, மீன், கத்திரிக்காய், சோறு எதுவானாலும் கிண்ணத்துக்கு வரும்போது ஒரே சாம்பல் நிறக் களிதான். மாமா கிண்ணத்தை எட்டிப் பார்ப்பார்.

"என்ன சரக்கு இது?"

"வெளமீனுங்க. முள்ளு பாத்துத்தான் அரைச்சேன்."

"ம்" என்பார். வாய் மட்டும் திறக்காது. பேரம் படியாத வியாபாரி மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அவருடைய கன்னம் ஒட்டிக்கொண்டே போயிற்று. அடுத்த முறை பார்த்த டாக்டர், இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊற்றவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சும் மெல்லிய குழாயும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார் நர்ஸ். வாங்கி வந்து பீரோவின் மேல் வைத்தேன். குழாய் போட்டால் இந்த மனுசர் அதைப் பிடுங்கி எறிவார், இல்லையென்றால் அதோடு பேச்சையும் நிறுத்திக்கொள்வார். இரண்டில் எது நடந்தாலும் மாமி தாங்கமாட்டார்.

எங்களுக்குச் சிவகாசியில் ஒரு சின்னக் கடை. பட்டாசுப் பெட்டிகளுக்கு அட்டையை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்போம். சீசனில் மூச்சுவிட நேரமிருக்காது. சீசன் முடிந்தால் என் வீட்டுக்காரர் பிரவுசிங் சென்டரே கதி என்று கிடப்பார். ஒருநாள் அங்கிருந்து ஓடிவந்தார்.

"வெளிநாட்டுல சாப்பாட்டையே பிரிண்ட் பண்றாங்க! மை ஊத்துற எடத்துல சாக்லேட்டை ஊத்துறாங்க. வரி வரியா, அடுக்கடுக்கா அதுவே கட்டிக்கிட்டுப் போகுது. அரைச்ச கேரட்டை மறுபடி கேரட்டாவே ஆக்கிப்புடலாம். மெல்ல முடியாதவுகளுக்கு அம்புட்டு நல்லதாம்."

"ஊருக்கெல்லாம் பிரிண்ட் போடுற ஊரு, சோத்தை மட்டும் விட்டு வச்சிருந்தீக. அதையும் போட்ருங்க" என்றேன்.

நான் நக்கலாகச் சொன்னதை அவர் உத்தரவாக எடுத்துக்கொண்டார். கடையில் மேசை மாதிரித் தட்டையாக ஒரு பழைய பிளாட்டர் இருந்தது. கம்ப்யூட்டர் சொன்னபடி பேனாவைப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் ஓடுகிற மெஷின். மறுநாள் அது லோடு ஆட்டோவில் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். மூன்று முள் பிளக் முன்னறையில் மட்டும்தான் இருந்தது. ஆகவே மெஷின் மாமாவின் கட்டிலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தது. அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடந்து கால் வலித்ததில், மிக்சியையும் நான் அங்கேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேனா இருந்த இடத்தில் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் குழாயின் நுனியைக் கட்டினார். மறுமுனையில் அந்தப் பெரிய சிரிஞ்சு. அதற்குள் களியை அடைத்து, அவர் நிதானமாக அழுத்தவேண்டும். தட்டுக்கு அடியில் காலண்டர் அட்டைகளை அடுக்கியிருந்தோம். ஒரு சுற்று முடிந்ததும் அடியிலிருந்து ஓர் அட்டையை நான் உருவவேண்டும். தட்டு அட்டைக் கனத்துக்கு இறங்கும், அடுத்த சுற்று முந்தின சுற்றின் மேல் வந்து படியும். வெளிநாட்டில் இந்த இரண்டு வேலையையும் மெஷினே செய்கிறதாம். எங்கள் வீட்டில் புருசன் பொண்டாட்டி செய்தோம்.

முதலில் மீன் வரைந்தது. மெஷின் கையைத் தூக்குகிற இடமெல்லாம் சொட்டியதில் மீனுக்கு அம்மை போட்டுவிட்டது. அடுத்து கத்திரிக்காய். களி இளகிப் போய்ச் சரிந்து, நமத்துப்போன அணுகுண்டு வெடி மாதிரி படுத்துக்கொண்டது. "கெட்டியா அரைச்சாத்தானே நிக்கும்?" என்று அவர் என்னைக் குற்றம் சொன்னார். கோபத்தில் நான் கூடுதலாகவே கெட்டியாக அரைத்தேன். நல்லதாகப் போயிற்று. தட்டில் சரிகிற களி தொண்டையிலும் தப்பான வழியில்தான் போகும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். எங்கள் மெஷின் அதை முதலிலேயே காட்டிக்கொடுத்துவிட்டது.

கை தூக்காமல் ஒரே கோடாக வரையக்கூடிய படம் என்னவென்று யோசித்தோம். கம்ப்யூட்டரில் இருந்ததெல்லாம் பட்டாசுப் பெட்டியின் மூடிப் படங்கள். அதில் சங்குசக்கரம் இருந்தது. நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தால் முடிந்தது.

வேகவைத்த பாசிப்பருப்பை மிக்சியில் போடப்போனபோது மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"காட்டு" என்றார். காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அரைத்தேன். சிரிஞ்சில் மஞ்சளாக ஏறியது. குழாய்க்குள் அது ஊர்ந்து போவதை அவர் கண் கூடவே போய்க் கவனித்தது. மெஷின் ங்ஙீ என்று முனகிக்கொண்டு சுற்றியது. நான் அட்டை உருவினேன், மறுபடி சுற்றியது. சங்குசக்கரம் சாயாமல் எழுந்து நின்றது.

தட்டை அவர் முன்னால் வைத்தேன். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"திரி எங்க?"

வாதம் வந்த நாளிலிருந்து அவர் அடித்த முதல் கிண்டல் அது. என் வீட்டுக்காரர் சிரிஞ்சைப் பிடித்தபடியே அழுதுவிட்டார். மாமா வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, கரண்டி கரண்டியாக, நடுப்புள்ளி வரைக்கும் தின்று முடித்தார்.

நாங்கள் இரண்டு பேரும் குதிக்காத குறை. அப்போதுதான் அடுப்படி வாசலில் மாமி நிற்பதைப் பார்த்தேன். முகம் கறுத்திருந்தது.

"நான் அரைச்சா கலப்படம். மிசின் சுத்தினா சுத்தமோ? இத்தனை வருசம் என் கையாலதான தின்னீக? என்னிக்காச்சும் என்னத்தையாவது கலந்து போட்டேனா?"

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். வார்த்தையைத் தேடித் தேடி எடுத்தார்.

"ஒன்னையச் சொல்லல... நாக்குல ஒண்ணுமே தெரியல, ஏளா. மீனும் ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான். எதைத் திங்கிறோம்னு தெரியாம எப்பிடித் திங்க? கண்ணால பாத்தாத்தான் முளுங்க முடியுது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தரகு பாத்த நாக்கு. போயிருச்சுன்னு யார்ட்ட போயிச் சொல்ல?" என்றார்.

மாமி வந்து காலித் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். என் வீட்டுக்காரர் மெஷினைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் குழாய் மாமாவின் மூக்குப் பக்கமே போகவில்லை, மெஷினிலேயே தங்கிவிட்டது. நாங்களும் தேறி, ராக்கெட், புஸ்வாணம் என்று முன்னேறினோம். ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அடுத்த நாள் மதியம்தான்.

மாமி குழம்பிலிருந்து மீனை முழுசாக ஒரு தட்டில் எடுத்து வந்து மாமாவிடம் காட்டினார். அவர் தலையாட்டியதும் பக்கத்திலேயே உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தார். நான் அரைத்தேன், மெஷின் சுற்றியது. தட்டு வந்ததும் மாமி யாரையும் கேட்காமல் ஓரத்தில் ஒரு விள்ளல் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி, சாவகாசமாகச் சப்பினார். மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு ஒரு துளி தூக்கல். புளி கணக்கா இருக்கு. மீனு இன்னைக்குப் பிடிச்சது" என்றார் மாமி.

"சரி" என்று மாமா வாயைத் திறந்தார்.