நீ உள்ளூர்தானே

சுற்றுலாப் பயணி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர்கள் வரட்டும், அருவியில் குளிக்கட்டும், கடையில் பலாப்பழம் வாங்கட்டும். ஆனால் ரோட்டில் மண் சரிந்தால் அவர்கள் மட்டும்தான் மாட்டிக்கொண்டவர்கள், நாங்கள் சும்மா அங்கே இருப்பவர்கள் என்று முடிவு செய்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் இரண்டாவது பெண் குறைமாதத்தில் பிறந்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் அவள் குடலுக்கு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் பாலைப் பீய்ச்சிக் கொடுப்பேன், நர்ஸ் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். பெற்றவளுக்கு அந்த வார்டில் இருந்த ஒரே வேலை அதுதான்.

அந்த நேரம் பார்த்து, மலையில் மாமியாரிடம் விட்டு வந்திருந்த மூத்தவளுக்குக் காய்ச்சல். என்னைக் கேட்டு அழுது, சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று சேதி வந்தது. ராத்திரிக்கும் காலைக்கும் ஆகிற பாலைப் பீய்ச்சி நர்ஸிடம் கொடுத்தேன். வீட்டுக்காரரை வார்டு வாசலில் உட்கார வைத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் கரியாலூருக்கு ஏறினேன். காலையில் முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. பச்சை உடம்போடு எதற்காகப் போனாய் என்று பின்னால் என்னைக் கேட்காத ஆள் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள் இரண்டையும்தானே பார்ப்பாள்? வேறு என்ன செய்யச் சொல்கிறார்கள்?

ராத்திரி முழுக்க மழை அடித்தது. காலையில் மூத்தவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் எங்கள் மலை ஆட்கள், களமருதூர் பக்கம் நடவு வேலைக்குப் போகிறவர்கள். பாதி இறக்கத்தில், ஒரு வளைவில் ரோட்டையே காணோம். மலையின் ஒரு பக்கம் மரத்தோடு வந்து குறுக்கே விழுந்து கிடந்தது. அருவிக்கு வரும் கார்களுக்காக அந்த இடத்தில்தான் மலையின் அடியை வெட்டி ரோட்டை அகலமாக்கியிருந்தார்கள். தடுப்புச் சுவர் எங்கே என்று எங்கள் ஆட்கள் கேட்டபோது, அதெல்லாம் பின்னால் வரும் என்றார்கள். சுவர் வருவதற்குள் மலை வந்துவிட்டது.

எங்களுக்குப் பின்னால் கார்களும் வேன்களும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எல்லாம் மேலே தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். காட்டு வழியாக ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு, ஆனால் ஓடை பெருகிவிட்டால் அதில் கால் வைக்க முடியாது. அதனால் அவர்களும் நாங்களும் ஒன்றாகத்தான் நின்றோம்.

மதியத்துக்குள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. மார் கல்லாகி, உடம்பு கொதித்தது. பஸ்ஸின் கடைசி சீட்டில், பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி தன் புடவைத் தலைப்பை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, பாலைப் பீய்ச்சி ஜன்னலுக்கு வெளியே கொட்டினேன். கீழே என் குழந்தை இந்தப் பாலுக்காகக் கிடக்கிறாள், இங்கே நான் இதைச் சேற்றில் கொட்டுகிறேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் பொக்லைன் வந்து அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வழி செய்தது. பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டினார்கள். ஒரு அதிகாரி குடையோடு இந்தப் பக்கம் வந்தார். மழை மறுபடி பிடிக்கப்போகிறது, இருட்டுவதற்குள் முடிந்த ஆட்களைத்தான் அனுப்ப முடியும், வெளியூர்க்காரர்கள் மட்டும் வரிசையில் வாருங்கள் என்றார். உள்ளூர் ஆட்களை பஸ் திரும்ப மேலே கொண்டுபோய் விட்டுவிடுமாம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறது, நான் போனால்தான் அதற்குப் பால் என்று சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். புத்தி கெட்டுப்போய் என் ஊரையே சொன்னேன்.

"நீ உள்ளூர்தானே? வூட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வா."

எனக்குப் பின்னால் நின்றவரிடம், வாங்க சார், பாத்து வாங்க என்றார். அவருக்கு வாங்க, எனக்கு வா. பக்கத்து ஊர்க்காரி விடவில்லை. "கொழந்த பொட்டிக்குள்ள கெடக்குதுங்க. இவ பால் கட்டிக்கினு துடிக்கிறா. நாங்க கெடக்கிறோம், இவள மட்டும் வுடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னால் நான் என்ன செய்வது என்று அவர் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

வரிசையில் நின்ற ஒரு சென்னைக்காரம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் புடவையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அது மழை ஈரமா வேறு ஈரமா என்பது பிள்ளை பெற்றவளுக்குத் தெரியும். சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"இவ எங்க வீட்டுல வேலை செய்யறவ. எங்ககூடத்தான் வந்தா."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். சற்று முன்னால்தான் என் ஊரைக் கேட்டவர், பொய் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று வழி விட்டார். என் குழந்தைக்குத் தாயாக எனக்குக் கிடைக்காத வழி, இன்னொருத்தர் வீட்டு வேலைக்காரியாகக் கிடைத்தது. அந்த ஆளைப் பிடித்து அந்தச் சேற்றிலேயே தள்ளியிருக்க வேண்டும். குழந்தை நினைப்பில் வரிசையோடு நடந்தேன்.

பொய்க்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அந்தம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். முழங்கால் வரை சேறு. பயணிகளைக் கீழே கொண்டுபோக அந்தப் பக்கம் வேன்கள் நின்றன. கயிற்றைப் பிடித்து அந்தப் பக்கம் ஏறியதும் பையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தம்மாவின் வீட்டுக்காரர் தன் கையிலிருந்த சூட்கேஸையும் என்னிடம் நீட்டி, வேன் வரைக்கும் என்றார். அதில் கிண்டல் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அவர் கை தானாக நீண்டது. அந்தம்மா அவரை முறைத்தார். நான் சூட்கேஸை வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்த வேனில் இடம் வேண்டும், ரோஷம் பார்க்கிற நேரமா அது? அந்தம்மா நல்லவர், அவரை நான் மறக்கமாட்டேன். அந்த சூட்கேஸையும் மறக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். மதியத்திலிருந்து பால் இல்லாமல் குழந்தைக்கு ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே பாலாடையை நீட்டினார். குழந்தை ஒவ்வொரு சொட்டையும் விழுங்குகிறாளா என்று இருவரும் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினாள். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வாயைச் சப்புக்கொட்டினாள்.

அதற்குப் பிறகுதான் வராண்டாவில் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வளைவைக் காட்டினார்கள். கல்வராயன் மலையில் சிக்கித் தவித்த பயணிகள் அனைவரும் பத்திரமாக மீட்கப்பட்டனர் என்று செய்தி வாசித்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் அப்பாடா என்றார்கள். படத்தில் மண் குவியலுக்குப் பின்னால் எங்கள் பஸ் நின்றது. அதில் ஆட்கள் இருந்தார்கள். துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்து ஊர்க்காரியும் அதில்தான் இருந்திருப்பாள். அடுத்த படத்தில் தோளில் பையும் கையில் சூட்கேஸுமாக ஒருத்தி சேற்றிலிருந்து ஏறி வந்தாள்.

"இன்னா, பாக்க உன்ன மாதிரியே கீறா?" என்றார் வீட்டுக்காரர்.

"அது அந்தம்மா வூட்டு வேலக்காரி" என்றேன். "நாம உள்ளூரு. நம்மள யாரும் கூட்டிக்கினு வரல."