ஆரஞ்சுச் சுவரும் ஒரு முன்பல்லும்

என் அக்கா புருஷனை எங்கள் தெருவில் பஞ்சவர்ணம் என்று சொன்னால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அதைத் தபால்காரர் மட்டும் இன்னும் உபயோகிக்கிறார். பஞ்சவர்ணம் என்று முதலில் கூப்பிட்டது நான்தான். கிண்டலுக்குச் சொன்னேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, போனில் தன் படத்துக்குக் கீழேயும் அதையே போட்டுக்கொண்டார். ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள இது ஒன்றே போதும். இருந்தாலும் வாயைத் திறந்துவிட்டேன், முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் போன் எடுக்கிற வேலை அவருக்கு. எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அந்தப் பக்கம் மாமாவின் குரல் வரும். "பதட்டப்படாதீங்க. ஆள் கிளம்பியாச்சு. நீங்களா கதவைத் திறக்கப் பாக்காதீங்க." இந்த மூன்று வாக்கியத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் காலத்தை ஓட்டுகிறார். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. நாள் முழுக்க யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருப்பதால்தான் வெளியே வந்ததும் எல்லார் கண்ணையும் குத்துகிறார், பாவம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாவமெல்லாம் தோன்றியதே இல்லை. அப்படி வேலை பார்ப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் சிறுத்தைப்புலிச் சட்டையில் கறிகாய் வாங்க வருவதில்லை.

எல்லாம் போனில் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான். எவனோ ஒருவன் எங்கேயோ ஊதா கால்சட்டையும் மஞ்சள் கோட்டும் போட்டு நடப்பான். அடுத்த வாரம் மாமா அதில் நடப்பார். அவனுக்கு இருக்கிற உயரமும் இடுப்பும் தனக்கு இல்லை என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. கேட்டால், "இப்ப இதுதான் ஓடுது" என்பார். ஓடுகிற எல்லாவற்றின் பின்னாலும் ஓடுவதற்குப் பெயர் துணிச்சலாம்.

உடம்போடு நின்றிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். உடுத்துகிற மாதிரியே வீடும் இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு பெண்மணி போனில் சொல்லிவிட்டாள். அதிலிருந்து பிடித்தது சனி. பெரிய பெரிய இலை போட்ட துணியில் சோபாவுக்கு உறை தைத்தார், மீந்த துணியில் தனக்குச் சட்டை தைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் பேசிக்கொண்டே உட்காரப் போனவர் நேராக மாமாவின் மடியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆள் அதற்கப்புறம் அக்கா வீட்டில் நின்றுகொண்டேதான் பேசுகிறார். மாமாவுக்கோ ஏகப்பட்ட சந்தோஷம். "அவ்வளவு பொருத்தமா இருந்திருக்கு பாத்தியா!" என்றார்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலி அவளுக்குத்தான். அக்கா பல் செய்கிறவள். உடைந்த பல், வேர் செத்த பல் இதற்கெல்லாம் மேலே கேப் போடுவார்களே, அந்த செராமிக் கேப்புக்குக் கடைசியாக நிறம் ஏற்றிச் சின்ன அடுப்பில் சுட்டு எடுக்கிற வேலை. வீட்டிலேயே செய்கிறாள். பல் வெள்ளை என்று நாம் சொல்கிறோம், எந்தப் பல்லும் வெள்ளை இல்லை. ஈறுப் பக்கம் மஞ்சள், நுனியில் லேசான சாம்பல், நடுவில் ஆளுக்கொரு நிறம். பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் போகிற மாதிரி அதைக் கொண்டுவந்தால்தான் வேலை. நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் டாக்டரம்மா அளவையும் நிற எண்ணையும் எழுதிக் கொடுப்பார், நான் கொண்டுபோய்க் கொடுத்து, முடிந்ததை வாங்கி வருவேன். இந்தக் கூத்து நடக்கும்வரை அக்கா கை பட்ட பல் எதுவும் நிறம் சரியில்லை என்று திரும்பி வந்ததே இல்லை.

அதற்காகவே அவள் வீட்டின் முன்னறையில், பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, அந்த அறைக்கு மட்டும் வெளிறிய சாம்பல் வண்ணம் அடித்து வைத்திருந்தாள். கண்ணை எந்தப் பக்கமும் இழுக்காத நிறம். மாமா அதை "செத்த கலர்" என்பார். தன் வீட்டில் சோறு பாதி அந்தச் செத்த கலரிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

அக்காவும் நானும் வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போய்த் திரும்பியபோது முன்னறை ஆரஞ்சாக இருந்தது. சுவர் ஆரஞ்சு. மேல்தளம் ஆரஞ்சு. கதவு, ஜன்னல் சட்டம், திரைச்சீலை, தரை விரிப்பு, முக்காலி, அத்தனையும் ஆரஞ்சு. ஒரு அறையை ஒரே நிறத்தில் முக்கி எடுப்பதுதான் இப்போது ஓடுகிறதாம். நடுவில் மாமா அதே ஆரஞ்சில் மேலும் கீழும் உடுத்திக்கொண்டு கையை விரித்து நின்றார். முகமும் இரண்டு கையும் மட்டும் அந்தரத்தில் தொங்கின.

"எப்படி இருக்கு?"

அக்கா பையைக் கீழே வைக்கவில்லை. "நான் இங்கதானங்க வேலை பாக்கணும்" என்றாள்.

"பாரு. யாரு வேணாம்னா? ரூமே கலகலன்னு இருக்கு."

"இதுல உக்காந்தா கலர் ஏமாத்தும். மஞ்சள் கூடுதா குறையுதான்னு கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் பக்கத்துச் செவுத்தையாவது பழையபடி மாத்திக் குடுங்க."

"பதட்டப்படாத" என்றார் மாமா. லிஃப்டில் மாட்டியவர்களிடம் பேசுகிற அதே குரல். "ஒரு வாரத்துல பழகிடும். வீட்டு அலங்காரம் போடுற சேனல்ல இருந்து வந்து படம் புடிக்கப் போறாங்க. ஒரு செவுரு மட்டும் வேற கலர்ல இருந்தா மொத்தமும் போச்சு."

அவள் பழகவில்லை. அவள் கண்தான் பழகிவிட்டது, அதுதான் பிரச்சினையே. ஆரஞ்சுக்குள் சரியாகத் தெரிந்த பல், ஆஸ்பத்திரி ஜன்னலில் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஒரு பெண்மணி மாட்டிக்கொண்டு போய், வாசலில் ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பி வந்தார். அடுத்ததும் அப்படியே. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அக்காவுக்கு கண்ல ஏதாவது கோளாறா?"

"இல்ல மேடம். செவுத்துல."

"எதுவா இருந்தாலும் எனக்கு பேஷண்ட் முக்கியம். இன்னொரு தடவை திரும்பி வந்தா நான் வேற ஆள் பாத்துக்கறேன். வருத்தப்படாதேன்னு சொல்லு."

இதை அக்காவிடம் நான் எந்த வாயால் சொல்வது? சொன்னேன். அவள் எழுந்து, தூரிகைகளையும் நிறக் குப்பிகளையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். வீட்டில் அங்கேதான் வெள்ளை டைல்ஸ் மிச்சம் இருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் பலகை வைத்து, மேலே இருந்த சின்ன ஜன்னல் வெளிச்சத்தில் வேலை செய்தாள். அடுப்பு முன்னறையில். ஒவ்வொரு பல்லையும் இடுக்கியில் பிடித்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஓடினாள். என் அக்கா, அவ்வளவு நுணுக்கமான கை உள்ளவள், குளியலறையில் ஒடுங்கி உட்கார்ந்து பல்லுக்கு நிறம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மாமா அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன செய்தார் என்கிறீர்கள்? டைல்ஸ் மேல் ஒட்டுகிற கறுப்பும் தங்கமும் கலந்த பூ ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கி வந்தார். "வீட்டுல ஒரு ரூம் மட்டும் ஊமையா இருக்கக் கூடாது" என்றார். படப்பிடிப்புக்கு முன்னால் ஒட்டி முடித்துவிட வேண்டுமாம்.

"மாமா, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"உனக்கு ரசனை இல்ல, நான் என்ன பண்ண" என்றார்.

அந்தச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு, ஆரஞ்சு உடுப்பில், ஆரஞ்சு அறையைக் கடந்து குளியலறைப் பக்கம் நடந்தார். ஆரஞ்சு விரிப்பின் மேல் ஆரஞ்சு முக்காலி இருந்தது. அவர் வாங்கிப் போட்டதுதான். அவருக்கே தெரியவில்லை. குப்புற விழுந்தார். எழுந்தபோது முன்பல்லில் பாதி இல்லை. விழுந்த துண்டைத் தேடினோம், விரிப்பில் எங்கே போயிற்றென்று கடைசிவரை கிடைக்கவில்லை. நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

டாக்டரம்மா மிச்சப் பல்லை ராவி, அளவெடுத்து, தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்பினார். பார்க்க சகிக்காத பிளாஸ்டிக். படம் பிடிக்க வருகிற நாள் நெருங்கிவிட்டது. மாமா அக்காவின் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

"இங்க வேணாங்க. ஆஸ்பத்திரி ஜன்னல்கிட்ட வாங்க, பகல் வெளிச்சத்துல நிறம் பாத்து எடுக்கறேன்" என்றாள் அக்கா.

"இந்த வாயோட நான் தெருவுல இறங்க மாட்டேன்."

"அப்ப மொட்டை மாடிக்காவது வாங்க."

"படம் புடிக்கப் போறது இந்த ரூம்ல. இந்த செவுத்துக்கு முன்னால. இங்க பொருந்தினா போதும். இங்கயே பாத்து இங்கயே பண்ணு."

"யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

அக்கா நிறம் பார்க்கிற மாதிரிப் பற்களை எடுத்து மேசையில் பரப்பினாள். "சரி, இந்த ரூம்லதான் பொருந்தும்" என்றாள். மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அவர் உதட்டோரம் வைத்துப் பார்த்து நிறம் எடுத்தாள். எந்தக் குறையும் வைக்காமல், மற்றவர்களுக்குச் செய்கிற அதே பொறுமையோடு செய்தாள். மாமாவைச் சுவரோரம் நிற்க வைத்தே டாக்டரம்மாவின் உதவியாளர் வந்து பல்லை ஒட்டிவிட்டுப் போனார். கண்ணாடியில் பார்த்தார் மாமா. அச்சு அசல் அவர் பல்தான். நானே அசந்துபோனேன்.

சேனல்காரர்கள் வந்தார்கள். காமிராவைத் தூக்கிய பெண் அறைக்குள் நுழைந்ததும் கண்ணைச் சுருக்கினாள், பிறகு தொழில் மரியாதைக்காக "சூப்பர் சார்" என்றாள். மாமா நின்றார், சாய்ந்தார், முக்காலியில் கால் வைத்தார், சிரித்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியாக அவள், "சார், உள்ள நீங்க செவுத்தோட கலந்துடறீங்க. வாசல்ல நின்னு ஒரே ஒரு க்ளோசப் எடுத்துடலாம்" என்றாள்.

வாசலில் நல்ல வெயில். மாமா இடுப்பில் கை வைத்துப் பல் முழுக்கத் தெரியச் சிரித்தார். டீ குடித்துப் பழுத்த பற்களுக்கு நடுவே அந்த ஒற்றைப் பல் ட்யூப் லைட் மாதிரி நீலம் பாரித்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் இருமத் தொடங்கினார். காமிராக்காரப் பெண் காமிராவை இறக்கினாள்.

"சார்... வாயை மூடிக்கிட்டு சிரிக்க முடியுமா?"

மாமா அந்த ஸ்கூட்டர் இந்த ஸ்கூட்டர் என்று தேடி ஒரு கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். அப்படியே உள்ளே ஓடி வந்தார். உள்ளே வந்ததும் பல் சரியாகிவிட்டது. மறுபடி வாசலுக்குப் போனார், மறுபடி நீலம். இப்படி வாசப்படியைத் தாண்டித் தாண்டிப் பார்த்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"என்ன பண்ணி வச்சிருக்க? நான் எப்படி வெளிய போவேன்? இதை மாத்து. இப்பவே மாத்து!"

அக்கா தூரிகையைக் கழுவிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

"பதட்டப்படாதீங்க. ஆள் கிளம்பியாச்சு. நீங்களா புடுங்கப் பாக்காதீங்க."

"எந்த ஆளு?"

"பெயிண்டர். செவுரு காஞ்சதும் பல்லு செய்யறேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வாயிலிருந்து கையை எடுக்காமல் அவரே போய்த் திரைச்சீலையைக் கழற்ற ஆரம்பித்தார்.

தெரிந்தேதான் செய்தாயா என்று அக்காவிடம் அப்புறம் கேட்டேன். "இங்கயே பொருந்தணும்னு கேட்டார். பொருந்துச்சுல்ல" என்றாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. இப்போது அவள் கேப்புகள் திரும்பி வருவதில்லை, டாக்டரம்மா முன்னைவிட அதிகமாகவே அனுப்புகிறார். மாமாவுக்கும் சாம்பல் சுவருக்கு முன்னால் உட்கார வைத்து வேறு பல் செய்து கொடுத்தாள், அதை அவர் எங்கே வேண்டுமானாலும் காட்டலாம்.

அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களைப் போல ஏமாளி கிடையாது. போன வாரம் போயிருந்தேன். தலை முதல் கால் வரை வெளிறிய சாம்பலில், சுவரில் சாய்ந்து, ஜன்னலை மறித்து நின்றுகொண்டு போனில் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார். "அடக்கமான கலர். இப்ப இதுதான் ஓடுது. எல்லாரும் பயந்தப்போ நான்தான் முதல்ல துணிஞ்சு இறங்கினேன்" என்று போனுக்குள் இருப்பவர்களிடம் சொன்னார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அக்கா. "வெளிச்சத்தை மறைக்கிறீங்க."