ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

"ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் லீவுதானே, வகுப்பை அன்னைக்கே வெச்சுக்கலாம்" என்று கூட்டத்தில் சொன்னவன் நான்தான். வேலையில் இருப்பவர்களுக்காக எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் பகுதிநேர முனைவர் படிப்பைத் தொடங்கப் பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடந்திருந்தேன். பாடத்திட்டத்துக்காக மணிக்கணக்கில் சண்டை போட்ட நாங்கள் யாரும் ஓசூர் ஃபேக்டரி எதிலும் ஒரு வாரம்கூட வேலை பார்த்ததில்லை.

பராமரிப்புக்காக ஒரு வாரநாளில் கரண்டை நிறுத்தினால், கம்பெனி அன்றைக்கு லீவு விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையை வேலைநாளாக்கிவிடும். ஆர்டர் அதிகமானாலும் அதே கதைதான். சேர்ந்த நான்கு பேரில் மூன்று பேர் வருகைப்பதிவு போதாமல் நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர் ஒரு பெண். வார்ப்பு உதிரிபாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று கேமரா வழியே பார்க்கும் மென்பொருளை, உற்பத்தி லைனில் நின்று கவனித்துக்கொள்பவர். அவரும் போனால் படிப்பையே இழுத்து மூடிவிடுவேன் என்று கல்லூரி முதல்வர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வகுப்பு நாளை மாற்றலாமென்றால், அனுமதி வாங்கிய கால அட்டவணையைத் தொடக்கூடாதாம். வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். எழுதியதே நான்தான், யாரைத் திட்டுவது?

"இந்த ஞாயிறும் கம்பெனி இருக்குது சார்" என்று அந்தப் பெண் போன் செய்தார். இன்னும் ஒரு வகுப்பு தவறினால் அவரும் தேர்வு எழுத முடியாது. கல்லூரி இருக்கும் சூளகிரியில் பஸ் ஏறி நேரே அவருடைய ஃபேக்டரிக்குப் போய்விட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தார்.

"ஒரே ஒரு நாள் லீவு போடுங்கம்மா."

"கேமரா நின்னா லைன் நிக்கும் சார். உடமாட்டாங்க."

மேலாளரிடம் நானே பேசுகிறேன் என்றேன். காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருக்காக சார் இவ்ளோ கெஞ்சறீங்க? எனக்காகவா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கோர்ஸுக்காகத்தாம்மா. நீங்க போயிட்டா மூடிடுவாங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"டாக்டர் பட்டம் வாங்குனா ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாத்துவாங்க, இந்த லைன உட்டுத் தப்பிச்சிடலாம்னுதான் சார் சேந்தேன். அந்த லைனே உடமாட்டேங்குது."

சங்கு ஊதியது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"மூடறதா இருந்தா சீக்கிரம் மூடிடுங்க சார். தெறந்து கெடந்தா மனசு அடிச்சிக்கினே இருக்கும்."